மாத்தளையின் தப்பும் அரசின் காதும்

மக்கள் பேசுவதை அரசுகள் ஒட்டுக்கேட்கின்றன என்பதை நாம் அறிவோம். அவர்கள் மேளம் அடிப்பதையும் அரசுகள் அதே கவனத்தோடு கேட்டு வந்திருக்கின்றன என்பதை நமது வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. யார், எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு உரக்க அடிக்கலாம் என்று விதிக்கும் அதிகாரம் வரி விதிக்கும் அதிகாரத்தைப் போலவே பழையது. இலங்கையில் அந்த அதிகாரத்தின் கதையை எழுதப் புகுவோர் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ தொடங்குவது வழக்கம். நான் மாத்தளையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. மலையகத் தமிழரின் வரலாறு மாத்தளை வழியாகத்தான் மலையேறியது. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட 1830களிலும் 1840களிலும், தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளையை வந்தடைந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். அந்தப் பத்தாண்டில் இறந்தவர்களின் தொகை 70,000 என்று 1849 இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இந்த எண்ணைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. அந்தப் பாதை மயானமாக இருந்தது என்பதில் விவாதம் இல்லை. மலையக மக்கள் வருகையின் 200 ஆம் ஆண்டை நினைவுகூர 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம், 16 நாள்களில் ஏறத்தாழ 250 கிலோமீற்றரைக் கடந்து, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் நிறைவுற்றதும் இதனால்தான்.

அப்படி நடந்து வந்தவர்களின் கையில் சொத்து என்று சொல்லத்தக்கது அதிகம் இருந்திருக்க முடியாது. ஆனால் பின்னர் தோட்டங்களில் ஒலித்தவற்றைக் கொண்டு பார்த்தால், தப்பு, உறுமி, பம்பை, உடுக்கு ஆகியவற்றின் அடிகளையும், காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளையும் அவர்கள் நினைவில் சுமந்து வந்தார்கள் என்பது தெளிவு. இந்த ஒலிகளுக்கு அரசு என்ன செய்தது, தோட்டம் என்ன செய்தது, நம்மவர்களாகிய நாம் என்ன செய்தோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓர் ஆய்வாளரின் கேள்வி

இந்தப் பொருளில் என் சிந்தனையைத் தூண்டியவர் ஜிம் சைக்ஸ். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இன இசையியல் கற்பிப்பவர். இன இசையியல் என்ற துறைப்பெயர் வாசகர்கள் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். இராகத்தையும் தாளத்தையும் மட்டும் ஆராயாமல், ஒரு சமூகத்தில் இசையை யார் யாருக்காக, ஏன் இசைக்கிறார்கள் என்பதைக் களத்தில் சென்று ஆராயும் துறை அது. சைக்ஸ் இலங்கையில் சிங்களப் பெரவா சாதியினரின் மேளத்தையும், மட்டக்களப்புப் பறைமேளக் கலைஞர்களின் நிலையையும், சிங்கப்பூர்த் தமிழரின் ஒலிகளையும் ஆராய்ந்தவர். போருக்குப் பிந்திய இலங்கையின் இசை பற்றிய அவரது நூல் 2018 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடாக வந்தது. அதன் தலைப்பைத் தமிழில் ‘இசைக் கொடை’ எனலாம்.

அந்தத் தலைப்பிலேயே அவரது வாதம் அடங்கியிருக்கிறது. இசை என்றால் ஓர் இனத்தின் அடையாளம், ஒரு கலைஞனின் உள்ளத்து வெளிப்பாடு என்று நாம் இன்று இயல்பாக எண்ணுகிறோம். இந்த எண்ணம் இலங்கைத் தீவில் பிற்காலத்தில் வேரூன்றியது என்பது சைக்ஸின் கருத்து. அதற்கு முன்னர் மேளம் ஒரு கொடை. புத்தருக்கு, தெய்வங்களுக்கு, நோயுற்றவருக்கு, ஊருக்கு அளிக்கப்பட்ட கொடை. பௌத்த விகாரைகளில் இன்றும் நடைபெறும் ஹேவிசி பூஜையில் மலரும் விளக்கும் போலவே ஒலியும் ஒரு படையல். கொடை கைமாறும், எல்லை கடக்கும். கொடுப்பவர் ஓரினம், பெறுபவர் வேறினமாக இருக்கலாம். அடையாளம் அப்படியன்று. அது வேலி போடும்.

மொழியே இதற்குச் சாட்சி சொல்கிறது. சிங்களத்தில் தவுல என்பார்கள், நமக்குத் தவில். அங்கே உடெக்கி, இங்கே உடுக்கை. அங்கே தம்மெட்டம, இங்கே தம்பட்டம். கண்டிய நடனத்தின் மணிமுடியாகக் கருதப்படும் வன்னம் என்ற பெயர் நமது வண்ணத்தை நினைவூட்டுகிறது. பதினெட்டு வன்னங்களும் கண்டியரசன் நரேந்திரசிங்கன் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த இசைவாணர் ஒருவரின் துணையோடு உருவாயின என்று நடனப் பரம்பரையினரே கதை சொல்வதுண்டு. அவனுக்குப் பின் 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் நாயக்கர் மரபினர். மாத்தளை அந்த அரசின் வடக்குப் புறத்தில் இருந்த நிலம். அங்கே எந்த மேளம் யாருடையது என்ற கேள்வியை அன்று யாரும் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

குதிரை மிரளும் என்றது சட்டம்

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததில் ஆங்கிலேயச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் 90 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குதிரைகளை மிரளச் செய்யும் மேளதாளங்களையும், இரவில் மக்களின் உறக்கத்தைக் குலைக்கும் ஓசைகளையும் அனுமதிப்பத்திரம் இன்றி எழுப்பக் கூடாது என்பது அதன் சாரம். சாதாரணமான வீதி ஒழுங்கு போலத் தோன்றும். ஆனால் இந்த ஒரு பிரிவின் மூலம், இதுவரை கடவுளுக்கும் ஊருக்கும் உரியதாக இருந்த மேளம், அரச அதிபரின் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலேய அதிகாரியின் காதில் அது இசையாக விழவில்லை, இரைச்சலாக விழுந்தது. இலங்கை வரலாற்றாசிரியர் மைக்கல் ரொபர்ட்ஸ் 1990 இல் வெளிவந்த தமது கட்டுரையில், இரைச்சல் எனப்பட்டதே ஒரு பண்பாட்டுப் போராட்டத்தின் களமாக மாறியதை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அனுமதிப்பத்திரம் என்று வந்துவிட்டால், அதைப் பெறுபவரும் மறுக்கப்படுபவரும் என இரு கூட்டம் உருவாகும். கம்பளையில் அதுதான் நடந்தது. வலஹாகொட தேவாலயத்துப் பெரஹெர, பள்ளிவாசலை அண்மித்ததும் மேளத்தை நிறுத்த வேண்டும் என 1912 இல் அரச அதிபர் உத்தரவிட்டார். தேவாலயத் தரப்பினர், 1815 மார்ச் 2 அன்று கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம் பௌத்த சமயத்துக்கு அளித்த வாக்குறுதியைக் காட்டி வழக்குத் தொடர்ந்தார்கள். 1914 இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டி நகரில் பாட்டுக் குழு ஒன்றின் ஊர்வலம் பள்ளிவாசல் வழியே சென்றபோது மூண்ட கலவரம், சில நாள்களில் தீவின் பல மாகாணங்களில் பரவியது. இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. முஸ்லிம் மக்களின் உயிரும் உடைமையும் அழிந்தன. பின்னர், அடக்குமுறை என்ற பெயரில் சிங்களவர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களுக்காக வாதாடிய கதை வாசகர்கள் அறிந்ததே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1915 இல் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுள் ஒருவர் டி. எஸ். சேனாநாயக்க. மேள ஓசையில் தொடங்கிய ஒரு பிணக்கின் முடிவில் அந்நிய அரசின் சிறைக்குச் சென்ற அவர், 33 ஆண்டுகள் கழித்துச் சுதந்திர இலங்கையின் முதல் பிரதமரானார். அவரது அரசு 1948 இல் இயற்றிய 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அதிகாரத்தின் கொடுமையை அனுபவித்தவர்கள் அதிகாரத்துக்கு வந்த பின் அதை மறந்துவிடுவது உலகெங்கும் காணக்கூடிய வழக்கம்தான். ஆனாலும் இந்த எடுத்துக்காட்டு நெஞ்சில் தைக்கிறது.

அந்தப் பழைய சட்டத்தின் நிழல் நீண்டது. 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், வெலிகாமப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பாக எழுந்த வழக்கில், ஒலிபெருக்கிகளின் பயன்பாட்டுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்தது. அந்த வழக்கிலும் விவாதிக்கப்பட்டது அதே பொலிஸ் கட்டளைச் சட்டம்தான். குதிரைகள் வீதியிலிருந்து மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. சட்டத்தின் காது மட்டும் மறையவில்லை.

பிரட்டுத் தப்பு

தோட்டத்தில் நிலைமை வேறு. அங்கே வெளியுலகின் சட்டம் நுழைவதற்கு முன்பே துரையின் சட்டம் இருந்தது. வீதியில் தடுக்கப்பட்ட மேளம் தோட்டத்தில் கட்டளையாயிற்று. விடிவதற்கு முன் லயங்களில் உறங்கும் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு வரச் செய்ய அடிக்கப்பட்டது தப்பு. ஆங்கிலத்தில் அணிவகுப்பைக் குறிக்கும் சொல் தொழிலாளர் நாவில் பிரட்டு ஆயிற்று. பெயர் பதிவதும், வேலை பிரிப்பதும், தாமதமாக வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் அங்கேதான். தோட்டத் தமிழனின் ஒரு நாள், ஒரு தப்பு அடியில் தொடங்கியது.

இதன் கொடூரத்தை நாம் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். காமன் பண்டிகையில் மன்மதன் எரிந்தபோது அழுத அதே தோல், அம்மன் திருவிழாவில் அருளை அழைத்த அதே தோல், காலையில் கங்காணியின் குரலாக மாறியது. அடித்தவரும் தொழிலாளிதான். அவருக்கு அந்தப் பணி வந்தது பெரும்பாலும் சாதியினால். ஊரில் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிக்கக் கடமைப்பட்டிருந்தவர்களின் வழிவந்தோருக்கே தோட்டத்திலும் தப்பு ஒப்படைக்கப்பட்டது. கப்பல் ஏறினால் சாதி கழன்றுவிடும் என்பது கதை. தோட்டத்தில் அது லயத்துக்குள் குடியேறியது. தப்பின் வாரிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

1990களில் ஒரு செய்திக் கட்டுரைக்காக இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே முதியவர் ஒருவர், தம் தகப்பனார் பிரட்டுத் தப்பு அடித்தவர் என்றும், தாம் அதை ஏற்க மறுத்தவர் என்றும் சொன்னார். ஆனால் மாசி மாதம் காமன் ஊன்றினால் தப்பை எடுக்காமல் தம்மால் இருக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக் காட்டினார். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி என்று வேறுபடுத்தி அடித்தார். பிரட்டு அடியை அடித்துக் காட்டுவீர்களா என்று கேட்டேன். அது கைக்கு வராது என்று சொல்லிவிட்டார். மறந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தோட்டத்தின் ஒலியை எதிர்ப்பின் ஒலியாக மாற்றியவர்களும் உண்டு. தோட்டத் தொழிலாளரிடையே முதல் தொழிற்சங்கத்தைக் கட்டியெழுப்பிய கோ. நடேசய்யருடன் அவரது துணைவியார் மீனாட்சியம்மையும் ஊர் ஊராகச் சென்றார். கூட்டங்களில் அவர் பாடிய பாடல்களே மக்களைத் திரட்டின. 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டப் பெண்கள் பாடிய பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். மறு ஆண்டே அவரது மக்களின் பிரஜாவுரிமை பறிபோனது. நாடு மறுத்த மக்களின் பாட்டை அவர் ஏட்டில் ஏற்றினார். மாத்தளை மண்ணிலிருந்து மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றியும் நாட்டுப்புறத் தெய்வங்களைப் பற்றியும் எழுதினார். இவர்கள் எவரும் இன இசையியலாளர் என்று தம்மை அழைத்துக்கொண்டதில்லை. ஆனால் அந்தத் துறை செய்ய வேண்டிய முதல் வேலையை அவர்கள் செய்தார்கள்.

வானொலியின் சல்லடை

சுதந்திரத்துக்குப் பின் அரசின் காது வானொலி நிலையத்தில் அமர்ந்தது. இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 இல் தொடங்கியது. 1952 இல், வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரிப்பதற்காக இந்தியாவின் லக்னௌ நகரிலிருந்து பண்டிதர் எஸ். என். ரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டார். சிங்கள இசை தனக்கென ஒரு வடிவம் பெற வேண்டுமானால் கிராமியப் பாடல்களை அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்று அவர் கூறியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அந்த வழியில் சிங்களக் கிராமத்துப் பாடல் வானொலி வழியாகத் தேசிய இசையின் ஊற்றாக மதிப்புப் பெற்றது. தமிழ்ப் பக்கத்தில் கர்நாடக இசை செம்மையின் அளவுகோலாக நின்றது. யாழ்ப்பாணத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி 1960 இல் உருவானது. நாகசுரமும் தவிலும் கோயிலின் உள்ளே உரிய இடத்தைப் பெற்றிருந்தன.

இந்த இரண்டு சல்லடைகளிலும் தோட்டத்துத் தப்பு தங்கவில்லை. சிங்களத் தேசியம் அதை அந்நியமாகக் கண்டது. தமிழ்ச் செம்மையாளர் அதைத் தாழ்ந்ததாகக் கண்டார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் தேர்த் திருவிழாவில் ஐந்து தேர்கள் நகரை வலம் வரும் காட்சி நாடறிந்தது. தோட்டங்களிலிருந்து திரளும் மக்களின் பக்தியே அந்தத் தேர்களை இழுக்கிறது. ஆனாலும் ஆகமக் கோயில்களின் பொது வழக்கில் தப்பின் இடம் வாசலுக்கு வெளியேதான். அரசு வேலி போட்டது என்று குறை கூறும் நாம், நமது வேலியையும் எண்ணிப் பார்ப்பது நேர்மை.

போர் முடிந்த பின் நல்லிணக்கம் என்ற பெயரில் மேடைகள் பல எழுந்தன. 2011 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய இசை விழா அவற்றுள் பெரிது. நல்ல நோக்கமுடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தகைய மேடைகளில் சிங்களவருக்கு ஓர் இசை, தமிழருக்கு ஓர் இசை, முஸ்லிம்களுக்கு ஓர் இசை என்று பகிர்ந்தளிக்கப்படும்போது, இனத்துக்கு ஓர் இசை என்ற பழைய கோடு மேலும் அழுத்தமாகவே விழுகிறது. சைக்ஸின் நூல் இந்த இடத்தில் விழிப்பூட்டுகிறது. தேசிய கீதத்தின் கதையும் இதையே சொல்கிறது. 2016 சுதந்திர தினத்தில் நெடுங்காலத்துக்குப் பின் அது தமிழிலும் பாடப்பட்டது. 2020 இல் விலக்கப்பட்டது. ஒரே மெட்டு, ஒரே பொருள். எந்த மொழியில் ஒலிக்கலாம் என்பதை ஒவ்வோர் ஆட்சியும் தனித்தனியே தீர்மானிக்கிறது.

கடல் கடந்த மேளம்

வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள், இது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிப்பதற்கு 1973 முதல் அங்கே தடை இருந்தது. கைகலப்புகளைத் தவிர்க்கவே தடை என்று அரசு விளக்கியது. 2015 தைப்பூசத்தன்று மேளம் வாசித்ததை ஒட்டி எழுந்த தகராறில் மூவர் கைது செய்யப்பட்டனர். அதன் பின் நடந்த விவாதங்களின் விளைவாக, 2016 இல் ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 2019 இல் பாரம்பரிய இந்தியத் தாளக் கருவிகளுக்கான தடை தளர்ந்தது. ஒரு தலைமுறை மேளமின்றிக் காவடி எடுத்து வளர்ந்தது. சைக்ஸ் சிங்கப்பூரின் காலனித்துவ கால ஒலிகளைப் பற்றி 2015 இல் எழுதிய கட்டுரை, இந்தியர்களின் ஒலி அந்த நகரில் தொடக்கம் முதலே எப்படிக் கண்காணிக்கப்பட்டது என்பதை அறிய உதவும். மாத்தளையின் தோட்டத்துக்கும் மலாயாவின் தோட்டத்துக்கும் ஆள் அனுப்பியது ஒரே பேரரசு. அதன் காதும் ஒன்றுதான்.

மாத்தளையிலிருந்தும் புலம்பெயர்வு நடந்தது. அது திரும்பிச் செல்லும் புலம்பெயர்வு. 1964 அக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டார்கள். எஞ்சியோரை 1974 இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொண்டன. பாட்டனும் பாட்டியும் நடந்து வந்த அதே வட திசையில், இம்முறை ரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைக் குடியமர்த்தத் தமிழக அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் இருக்கின்றன. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களை ‘சிலோன்காரர்’ என்று அழைத்தார்கள். இலங்கையில் இந்தியத் தமிழர், இந்தியாவில் சிலோன்காரர். 1970களின் பஞ்சத்தாலும், தோட்டங்கள் அரசுடைமையானபோது நேர்ந்த வெளியேற்றத்தாலும், 1977, 1983 வன்செயல்களாலும் கண்டி, மாத்தளைப் பகுதிகளிலிருந்து வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்களின் கதை தனி. ஒரே அடிகளைக் கற்ற கைகள் நீலகிரிக்கும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சிதறின. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை அளித்தபோது, அந்தச் சிதறலைத் திருப்பிச் சேர்க்க எவராலும் முடியவில்லை.

கொடையா, கூலியா?

இப்போது சைக்ஸின் கொடை என்ற கருத்துக்குத் திரும்ப வேண்டும். அது அழகான கருத்து. இன வேலிகளைத் தாண்டிப் பார்க்க உதவும் கருத்து. ஆனால் மாத்தளைத் தோட்டத்துத் தப்பின் முன் அதை நிறுத்திப் பார்க்கும்போது எனக்கு ஒரு தயக்கம் எழுகிறது. கொடை என்றால் கொடுப்பவருக்குக் கொடாமல் இருக்கும் உரிமை வேண்டும். பிரட்டுத் தப்பு அடித்தவருக்கு அந்த உரிமை இருந்ததா? ஊர்ச் சாவுக்குப் பறையடித்த அவரது பாட்டனுக்கு இருந்ததா? விகாரைக்குச் சேவை நிலம் பெற்று மேளம் அடித்த பெரவாக் குடும்பங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். சாதியக் கட்டாயம் இந்தக் கலைகளின் மேல் படிந்திருப்பதைச் சைக்ஸ் அறியாதவர் அல்லர். மட்டக்களப்புப் பறைமேளக் கலைஞர்களைப் பற்றி 2013 இல் வெளிவந்த அவரது கட்டுரை, பண்பாட்டு விடுதலை என்ற பேச்சையே ஆராய்கிறது. ஆயினும் கொடை, அடையாளம் என்ற இரண்டு சொற்களோடு மூன்றாவதாக ஒரு சொல்லை நாம் சேர்த்தாக வேண்டும் என்பது என் எண்ணம். அந்தச் சொல் கட்டளை. தப்பின் வரலாற்றில் கொடையும் உண்டு, அடையாளமும் உண்டு, கட்டளையும் உண்டு. ஏதேனும் ஒன்றை விட்டால் வரலாறு பொய்யாகும்.

இது ஏட்டுப் பிரச்சினை அன்று. மலையக இளைஞர்களிடையே இன்று இரண்டு கருத்துகள் உள்ளன. தப்பு நம்மை இழிவுபடுத்திய கருவி, அதைக் கைவிட்டால்தான் தலைநிமிர முடியும் என்பது ஒன்று. தப்பு நமது உரிமைக் குரல், அதை மேடையேற்ற வேண்டும் என்பது மற்றது. தமிழகத்தில் திண்டுக்கல் சக்தி கலைக் குழுவினர், பெண்களின் கையில் பறையைக் கொடுத்து, இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்த்திருக்கிறார்கள். இரு தரப்பினரையும் நான் சந்தித்திருக்கிறேன். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இறத்தோட்டைப் பெரியவர் இந்த விவாதத்துக்குத் தமது வழியில் விடை சொல்லிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. அவர் தப்பைக் கைவிடவில்லை, கட்டளையைக் கைவிட்டார். தப்பு அடிக்கும் உரிமையும் வேண்டும், அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் வேண்டும். இரண்டும் அடிப்பவரிடமே இருக்க வேண்டும். அரச அதிபரிடமோ, துரையிடமோ, கோயில் நிர்வாகத்திடமோ, நம்மைப் போன்ற எழுத்தாளர்களிடமோ அன்று.

ஆனால் உரிமை நிலைக்க வேண்டுமானால் நினைவு நிலைக்க வேண்டும். 2023 நடைபயணத்துக்குப் பின் மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெருகியிருக்கிறார்கள்; மகிழ்ச்சி. இறந்தோரின் எண்ணிக்கையையும் சட்டங்களின் இலக்கத்தையும் ஆவணக் காப்பகங்களில் தேடிக்கொள்ளலாம். சாவுக்கு எந்த அடி, காமனுக்கு எந்த அடி, அந்த அடியை யார் யாரிடம் கற்றார் என்பது எந்தக் காப்பகத்திலும் இல்லை. அது முதியவர்களின் விரல்களில் இருக்கிறது. இதை வாசிப்பவர் மாத்தளையில் இருந்தாலும், கூடலூரில் இருந்தாலும், கிளிநொச்சியிலோ ரொறொன்ரோவிலோ இருந்தாலும், வீட்டில் அத்தகைய பெரியவர் ஒருவர் உயிரோடு இருந்தால் அவர் அருகில் சென்று உட்காருங்கள். அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்; அவர் சம்மதித்தால் ஒலிப்பதிவு செய்யுங்கள். பெயரையும் ஊரையும் தோட்டத்தையும் குறித்து வையுங்கள். ஏதேனும் ஓர் அடியை அடிக்க அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். மறுத்தார் என்பதையும் குறித்து வையுங்கள். அதுவும் வரலாறுதான்.